வாய் காய்ந்தால் தாடை வீங்கும்



சில மாதங்களுக்கு முன்னர் எமது கிளையைச் சேர்ந்த ஒரு சகோதரி காலைப் பெரட்டுக்கு வரும்போது துண்டால் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்தார். பனிக்காகக் கட்டியிருக்கிறார் என்றுதான் பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். காலைக் கொழுந்து நிறுக்க வந்தபோதும் துண்டு அவிழவில்லை. "என்னாக்கா, பல்லு வலியா?" என்று கேட்டதற்கு, "ஆமாம்மா, ரெண்டு நாளா இருக்கு, சரியாயிரும்" என்றார். பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ரொட்டியைச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தவுடன் தாடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார். துண்டை அவிழ்த்துப் பார்த்தால், வலது பக்கத் தாடை எலும்புக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். தொட்டால் கொதிக்கிறது. வாயில் ஏதோ உப்புக் கரிக்கிறது, கெட்ட வாடை வருகிறது என்றும் சொன்னார்.

அன்றும் அவர் அந்தி நிறுவை வரை நின்று பேரை முடித்துக்கொண்டுதான் லயத்துக்குப் போனார். அரைப் பேரோடு போக மனம் வரவில்லை. அவரை நாம் குறை சொல்லவில்லை. அவருடைய இடத்தில் நின்றால் நம்மில் பலரும் அதைத்தான் செய்திருப்போம்.

அது பல் வலி இல்லை. எச்சில் சுரப்பியில் கிருமி பிடித்த நோய். இதைப் பற்றி இந்த மடலில் எழுத வேண்டுமா என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். சம்பளம், வீடு, காணி என்று எத்தனையோ இருக்க, வாய் வீக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரையா? எழுதத்தான் வேண்டும் என்பது எமது கருத்து. இந்த வீக்கத்தின் வேர் நாம் வேலை செய்யும் மலையில் இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லாத மலையிலும், ஒதுங்க இடம் இல்லாத மலையிலும் இருக்கிறது.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். எச்சில் சும்மா வாயில் ஊறுவதில்லை. அதைச் சுரக்கப் பெரிய சுரப்பிகள் மூன்று சோடி இருக்கின்றன. காதுக்கு முன்னால் கன்னத்தில் ஒரு சோடி, தாடை எலும்புக்குக் கீழே ஒரு சோடி, நாக்குக்கு அடியில் ஒரு சோடி. இவற்றிலிருந்து மெல்லிய குழாய்கள் வாய்க்குள் வந்து திறக்கின்றன. ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் எச்சில் இந்தக் குழாய்கள் வழியாக ஓடுகிறது. பீலியில் தண்ணீர் விடாமல் ஓடும்போது பாசி பிடிக்காது. ஓட்டம் குறைந்து சொட்டுச் சொட்டாக வரத் தொடங்கினால் பாசியும் சேறும் அடைத்துக்கொள்ளும். எச்சிலும் அப்படித்தான். உடம்பில் நீர் குறைந்தால் எச்சில் குறைந்து கெட்டியாகிறது. வாயில் எப்போதும் இருக்கிற கிருமிகள் அந்தக் குழாய் வழியாக மேலே ஏறிச் சுரப்பியில் குடியேறுகின்றன. வீக்கம், வலி, காய்ச்சல், வாய்க்குள் சீழ் எல்லாம் அதனால் வருபவை.

சிலருக்குக் குழாயில் சிறு கல் உண்டாகும். சிறுநீரகத்தில் கல் வருவதைக் கேள்விப்பட்டிருப்போம். எச்சில் குழாயிலும் வரும். கூடுதலாகத் தாடைக்குக் கீழே உள்ள சுரப்பியில்தான் வருகிறது. அந்தச் சுரப்பியின் குழாய் நீளமானது, மேல்நோக்கி ஏறுவது, எச்சிலும் அங்கே கொஞ்சம் கெட்டி. கல் அடைத்தவருக்குச் சாப்பாட்டைக் கண்டாலே வலி. வாய் ஊறும்போது எச்சில் பாய்ந்து வந்து, வழி இல்லாமல் சுரப்பி புடைத்துவிடுகிறது. சாப்பிட்டு ஓரிரு மணித்தியாலத்தில் வீக்கம் மெல்ல வடியும், அடுத்த வேளைச் சாப்பாட்டில் மறுபடி வரும். பல் வலிக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க இது நல்ல அடையாளம். புளிப்பு பட்டவுடன் தாடைக்குக் கீழே சுரீர் என்றால் பல்லைப் பிடுங்க ஓடாதீர்கள்.

இனி, இது நமக்கு ஏன் வருகிறது?

மலைநாடு குளிர் பிரதேசம். தாகம் எடுப்பதில்லை. ஆனால் இருபது கிலோவைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறி இறங்கும் உடம்பு, குளிரிலும் வியர்க்கத்தான் செய்கிறது. படங்குக்குள் வியர்ப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் காலையில் பனி கொட்டும், பத்து மணிக்கு மேல் வெயில் தோலை உரிக்கும். ஊவாப் பக்கத் தோட்டங்களில் ஆடி, ஆவணிக் காற்று உதட்டையே வெடிக்க வைக்கும். அந்த நாட்களில் காலையில் ஒரு கோப்பை தேத்தண்ணீர், பகலில் ஒரு கோப்பை, அவ்வளவோடு அந்தி வரை நிற்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் நிரையில் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

சோம்பலில் யாரும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதில்லை. எமது மாதர் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டபோது ஒரு வயதான அம்மா சொன்ன பதில் எம்மை வாயடைக்க வைத்தது. "தண்ணி குடிச்சா எங்க தம்பி போறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எம்மிடம் பதில் இல்லை. நூறு, இருநூறு ஏக்கர் மலையில் ஒரு மலசலகூடம் இல்லை. ஆண்கள் மேட்டுப் பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள் அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து, கங்காணியின் கண்ணுக்கும் பயந்து, வயிற்றைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் அந்தச் சகோதரிகள் படுகிற பாட்டை ஆண்களாகிய நாம் கூட்டத்தில் பேசவே கூச்சப்படுகிறோம். கடைசியில் அவர்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. அதனால் சிறுநீர் எரிச்சல் வருகிறது, தலைவலி வருகிறது, சிலருக்கு இப்படித் தாடையும் வீங்குகிறது.

தண்ணீர் போதுமா என்று பார்க்க டொக்டரிடம் போகத் தேவையில்லை. சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனால் போதவில்லை என்று அர்த்தம். வெளிறிய மஞ்சளில் போக வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த நோய் இலகுவில் பிடிக்கும். பிரஷருக்குக் கொடுக்கும் சில குளிசைகள், முக்கியமாகச் சிறுநீரைக் கூட்டும் குளிசைகளும், தடிமலுக்கும் சொறிக்கும் நாம் வாங்கி விழுங்குகிற பிரிட்டன் போன்றவையும் வாயைக் காய வைக்கும். அதற்காகப் பிரஷர் குளிசையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. வாய் காய்கிறது என்று கிளினிக்கில் சொல்லுங்கள். இருதய நோய், சிறுநீரக நோய் காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவை மீற வேண்டாம்.

வீக்கம் தொடங்கிய அன்று லயத்தில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. கொதித்தாறிய தண்ணீரை அடிக்கடி குடிக்க வேண்டும், ஒரேயடியாகச் செம்பு செம்பாகக் குடிக்க வேண்டியதில்லை. சுத்தமான துணியை இளஞ்சூட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, வீக்கத்தின் மேல் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம், ஒரு நாளைக்கு நாலைந்து தரம். வைத்த பிறகு, தாடையின் பின்பக்கமிருந்து நாடிப் பக்கமாக, கன்னமென்றால் காதுப் பக்கமிருந்து வாய்ப் பக்கமாக, மெதுவாக நீவிவிட வேண்டும். அடைத்துக் கிடக்கும் எச்சில் வாய்க்குள் வரத்தான் இந்த நீவல். ஒரு துண்டு தேசிக்காயையோ நெல்லிக்காயையோ வாயில் அடக்கினால் எச்சில் ஊறிக் குழாயைக் கழுவும். ஆனால் புளிப்பு பட்டதும் வீக்கம் இன்னும் புடைத்து வலி தாங்க முடியாமல் போனால் அதை விட்டுவிடுங்கள், உள்ளே கல் அடைத்திருக்கலாம். சாப்பிட்ட பிறகெல்லாம் ஒரு கோப்பை வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு வாய் கொப்பளியுங்கள். பல் துலக்குவதை வலிக்குப் பயந்து நிறுத்தக் கூடாது. கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு இவை விழுங்க இலகு. வலிக்குப் பனடோல் போடலாம். பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு எட்டுக் குளிசையைத் தாண்டக் கூடாது. மெலிந்த உடம்புக்காரருக்கும் ஈரலில் கோளாறு உள்ளவருக்கும் அதிலும் குறைவு.

சுண்ணாம்பு பூசுவது, சூடான சாம்பலைத் துணியில் கட்டி வைப்பது, ஊசியால் குத்திச் சீழ் எடுப்பது இவற்றை நாம் பலமாக எதிர்க்கிறோம். மஞ்சள் பத்துப் போடுகிறவர்களோடு நாம் சண்டைக்குப் போகவில்லை. பத்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருப்பதுதான் ஆபத்து.

காய்ச்சல் வந்துவிட்டால், சீழ் வந்தால், அல்லது ஒன்றிரண்டு நாளில் வீக்கம் இறங்காவிட்டால் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். கிருமி பிடித்திருந்தால் அன்டிபயோட்டிக் குளிசை வேண்டும். அதை டவுன் பாமசியில் நாலு குளிசை, ஆறு குளிசை என்று கையிலிருக்கிற காசுக்கு வாங்கிப் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பக்கத்துக் காம்பராவில் மிச்சமிருந்ததை வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. பாதியில் நிறுத்தினால் வீக்கம் கொஞ்சம் வடிந்து, கிருமி பாதி சாகாமல் திரும்ப வரும். அடுத்த தடவை அதே மருந்து கேட்காமலும் போகலாம். வைத்தியர் எத்தனை நாளுக்கு எழுதுகிறாரோ அத்தனை நாளும் போட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. போட்டு இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றால் அதே இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். வீக்கத்துக்குள் சீழ் கட்டியிருந்தால் அதை எடுக்காமல் குளிசையால் மட்டும் ஆறாது.

சில அடையாளங்களைக் கண்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். வாயைத் திறக்க முடியவில்லை, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, நாக்குக்கு அடியில் கல் மாதிரி இறுகி நாக்கை மேலே தள்ளுகிறது, குரல் மாறுகிறது, வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறது, மூச்சு இழுக்கிறது, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். லயம் வரை வண்டி வராத தோட்டங்களில் நோயாளியைப் பிரதான பாதை வரை கொண்டுவர ஆள் வேண்டும். இளைஞர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து லொறி கொழுந்தோடு ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தாலும், அதை மறித்துக் கேட்க உரிமை உண்டு என்பது எமது நிலைப்பாடு.

பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்கினால் கதை வேறாக இருக்கலாம். அது பொன்னுக்கு வீங்கியாக, அதாவது கூகைக்கட்டாக இருக்கலாம். அது வைரஸால் வருவது, அன்டிபயோட்டிக்கால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு பிள்ளைக்கு வந்தால் பிள்ளைமடுவம் முழுக்கப் பரவும், ஆகவே வீங்கித் தொடங்கிய நாளிலிருந்து ஐந்து நாளாவது பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டும். ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடுகிற எம்.எம்.ஆர். ஊசி இதையும் தடுக்கிறது. பிள்ளையின் அட்டையை எடுத்துப் பாருங்கள், மூன்று வயது ஊசியை மறந்துபோன வீடுகள் உண்டு. இதற்குக் கழுத்தில் பொன் சங்கிலி போட்டால் இறங்கும் என்று பாட்டிமார் சொல்வார்கள். போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை. நம் வீடுகளில் அந்தச் சங்கிலி பெரும்பாலும் அடகுக் கடையில் அல்லவா இருக்கிறது!

வெற்றிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். மலையில் பசியையும் குளிரையும் மறக்க வெற்றிலை போடுகிறோம் என்பது எமக்கும் தெரியும். ஆனால் புகையிலை இல்லாமல் பாக்கு மட்டுமே கூட வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். வாயை விரியத் திறக்க முடியாமல் இறுக்கியும் விடும். வீக்கம் உள்ள நாட்களிலாவது அதையும் பீடியையும் தள்ளி வையுங்கள். வலி இல்லாத கட்டியை நாம் பெரிதாக எடுப்பதில்லை. மூன்று வாரத்துக்கு மேல் தாடையிலோ கழுத்திலோ வலியில்லாத கட்டி ஒன்று நின்றால், வாயில் ஆறாத புண் இருந்தால், வலிக்கிற வீக்கத்தைவிட அதைத்தான் அவசரமாகக் காட்ட வேண்டும்.

இனி நிர்வாகத்துக்கும் எமக்கும் உள்ள கணக்கு.

தோட்டத் தொழிலாளிக்கு வைத்திய வசதி செய்வது தோட்டத்தின் கடமை என்று 1912ஆம் ஆண்டிலேயே மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. அது வெள்ளைக்காரத் துரைமாரின் இரக்கத்தால் வந்ததல்ல, ஆள் படுத்துவிட்டால் கொழுந்து முற்றிவிடும் என்பதால் வந்தது. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் போய்விட்டது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டன. கொழுந்து கிலோ கணக்கை ஏற்ற அவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் புதுப்புது வழி தெரிகிறது. நிறுவை மடுவத்தில் மூடி போட்ட பாத்திரத்தில் கொதித்தாறிய தண்ணீர் வைக்க வழி தெரியவில்லை.

துரைமாரிடம் கேட்டால் வருகிற பதில் இது: "தண்ணி வெச்சாலும் பொம்பளைங்க குடிக்கிறதில்ல." உண்மைதான். ஏன் குடிப்பதில்லை என்று மேலே எழுதியிருக்கிறோம். தண்ணீரும் மலசலகூடமும் ஒன்றாக வர வேண்டும். ஒவ்வொரு நிறுவை மடுவத்துக்கும் பக்கத்தில் உள்ளே தாழ்ப்பாள் உள்ள, கை கழுவத் தண்ணீர் உள்ள மலசலகூடம் ஒன்று. அங்கே போய்வரும் நேரத்தைக் கங்காணி கணக்குப் பார்க்கக் கூடாது. கான் தண்ணீரையும் மருந்தடித்த மலைக்குக் கீழே வருகிற ஓடைத் தண்ணீரையும் குடிக்கச் சொல்வதை நாம் ஏற்க மாட்டோம்.

அடுத்தது பேர். வேலைக்கு இறங்கிய ஒருவர் நோயால் டிஸ்பென்சரிக்கு அனுப்பப்பட்டால், துண்டு கொண்டுவந்தால், அன்றைய பேர் குறையக் கூடாது. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் 75 வீத வரவு இருந்தால் தினம் 60 ரூபா என்று ஒரு கொடுப்பனவு இருந்தது ஞாபகமிருக்கும். அந்த அறுபது ரூபாவுக்காகக் காய்ச்சலோடு மலை ஏறியவர்களை நாம் கண்டோம். வரவோடு காசை முடிச்சுப் போடும் எந்த ஏற்பாட்டிலும் நோயாளிக்கு விலக்கு இருக்க வேண்டும் என்று அப்போதே நாம் உறுதியாக நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

இதையும் ஒளிக்காமல் சொல்கிறோம். எமது கிளைக் கூட்டங்களின் அறிக்கைப் புத்தகத்தைப் புரட்டினால் சம்பளம் இருக்கிறது, கிலோ இருக்கிறது, கூரைத் தகரம் இருக்கிறது, கோவில் திருவிழாவும் இருக்கிறது. மலையில் மலசலகூடம் என்ற சொல் மிக அரிதாகத்தான் வருகிறது. கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் ஆண்கள், கொழுந்து எடுக்கிறவர்கள் பெண்கள். சந்தாவும் கூடுதலாக அவர்கள் சம்பளத்தில்தான் பிடிபடுகிறது.

அந்தச் சகோதரியின் கதைக்கு வருவோம். தோட்ட டிஸ்பென்சரி அன்று பூட்டிக் கிடந்தது. மறுநாள் பனடோல் கிடைத்தது. நாலாம் நாள் காய்ச்சலோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அவருக்குச் சிங்களத்தில் விளக்கத் தெரியவில்லை, "பல்" என்று கையைக் காட்டியதில் முதலில் பல் வரிசையில் அரை நாள் உட்கார வைத்தார்கள். இப்படிப் போகிறவர்கள் எத்தனை நாளாக வீக்கம், சாப்பிடும்போது கூடுகிறதா, சீழ் வருகிறதா, நீரிழிவு உண்டா, என்ன குளிசை போடுகிறார், எந்த மருந்து ஒத்துவராது, கர்ப்பிணியா என்பதை லயத்தில் படித்த பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் பெரிய உதவி. கடைசியில் காது மூக்குத் தொண்டை டொக்டர் பார்த்து, கிருமிக்கு மருந்து கொடுத்து, பிறகு இன்னொரு நாளில் நாக்குக்கு அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். அரிசி மணி அளவுதான். ஒரு குறுணிக்காகப் பதினோரு நாள் பேர் போனது.

இப்போது அவர் மலைக்கு வரும்போது ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் தண்ணீர் கொண்டுவருகிறார். கூடையோடு சேர்த்து அந்தச் சுமையும் அவருக்குத்தான். போன கூட்டத்தில் எழுந்து நின்று, "தண்ணிய நான் கொண்டாந்துட்டேன், கக்கூச யாரு கொண்டாறது?" என்று கேட்டார். சிரித்தவர்களும் இருந்தார்கள். அன்றே தீர்மானம் போட்டு, நிறுவை மடுவங்களின் பெயர்களைக் குறிப்பிட்டுத் தோட்ட ஆபிசுக்குக் கடிதம் கொடுத்தோம். கைச்சாத்திட்டு வாங்கிய பிரதி கிளைத் தலைவியிடம் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. மற்றக் கிளைகளும் தங்கள் மலைகளின் கணக்கை எடுத்து அடுத்த மாதச் சம்பளத் தினத்துக்கு முன் எமக்கு அனுப்புங்கள்: எத்தனை நிறுவை மடுவம், எத்தனையில் தண்ணீர், எத்தனையில் மலசலகூடம். கணக்கைப் பெண்களே எடுக்கட்டும்.